குறைந்த எடைக் குத்துச்சண்டையில் யார் பெரிய ஆள், யார் அவரைத் திணறடித்தவர்?

கே.கே.நகர் பக்கத்துத் தம்பி ஒருவன், 51 கிலோ பிரிவில் பயிற்சி எடுப்பவன், கேட்டிருக்கிறான்: "அண்ணே, எடை குறைந்த பிரிவுகளில் இதுவரை வந்த சாம்பியன்களில் யார் உண்மையிலேயே பெரிய ஆள்? பக்கியாவோவா, டுரானா, இனோவேயா? ஒவ்வொருத்தருக்கும் ரொம்பக் கஷ்டம் கொடுத்த எதிராளி யார்? அப்புறம் இன்னொன்று. நான் ஒரே பையனிடம் இரண்டு தடவை தோற்றுவிட்டேன். அவன் இடதுகைக்காரன். யாருடைய சண்டையைப் பார்த்தால் எனக்குப் பிரயோசனம்?"

மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டாய் தம்பி. முதல் இரண்டுக்கும் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னோடு மல்லுக்கு நிற்பவர்கள் இங்கிருந்தே ஆரம்பிக்கலாம். என் கணக்கில் பெரிய ஆள் ராபர்டோ டுரான். எதிராளிகளில் ஆகக் கடினமானவர் ஹுவான் மானுவேல் மார்க்கெஸ். அவரைக் கட்டிக்கொண்டு அழுதவர் பக்கியாவோ. உன் மூன்றாவது கேள்விக்கு இந்த இரண்டு பேரும் பாதி பதில்தான். மீதிப் பாதி ஹரியானாவில் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பெல்ட்டை எண்ணி ஆளை எடைபோடுவது எனக்கு ஒத்துவராது. இன்றைக்கு உலகப் பட்டம் கொடுக்கும் பெரிய அமைப்புகளே நான்கு. பிரிவுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன: ஃப்ளை 50.8 கிலோ, சூப்பர் ஃப்ளை 52.2, பேன்டம் 53.5, சூப்பர் பேன்டம் 55.3, ஃபெதர் 57.2, சூப்பர் ஃபெதர் 59, லைட் 61.2. ராத்திரி நாலு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் அடுத்த பிரிவில் எழுந்திருக்கலாம். அதனால் நான் பார்ப்பது வேறு. தன்னை அடிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்த பிறகு, அவனிடமே மறுபடி போனாரா? போனவர் எதை மாற்றிக்கொண்டு போனார்? இதற்குப் பதில் சொல்லும் சண்டைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிலிப்பைன்ஸின் பக்கியாவோவிலிருந்து ஆரம்பிப்போம். அவர் செய்ததை யாராலும் குறைத்துப் பேச முடியாது. 1998 டிசம்பரில் தாய்லாந்துக்கே போய், சட்சாய் சசகுலை எட்டாவது சுற்றில் சாய்த்து ஃப்ளை வெயிட் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் எடை இறங்காமல் தராசிலேயே பட்டத்தைப் பறிகொடுத்தார், அந்தச் சண்டையிலும் தோற்றார். 2001இல் கடைசி நேரத்தில் மாற்று ஆளாகக் கூப்பிடப்பட்டு அமெரிக்காவில் இறங்கி, லெஹ்லோ லெட்வாபாவை ஆறாவது சுற்றில் நிறுத்திவிட்டு சூப்பர் பேன்டம் பட்டத்தோடு ஊர் திரும்பினார். 2003 நவம்பரில் மார்க்கோ அந்தோனியோ பரேராவை 11ஆவது சுற்றில் முடித்தார். போகப் போக எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம். இனி ஒருவர் அதைச் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் மார்க்கெஸோடு நான்கு முறை மோதி, மொத்தம் 42 சுற்று ஆடியும் அந்த மெக்சிகோக்காரர் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. முதல் சண்டை 2004 மே 8, ஃபெதர் வெயிட். முதல் சுற்றிலேயே மார்க்கெஸ் மூன்று தடவை கீழே விழுந்தார், மூக்கு உடைந்து ரத்தம். வேறு யாராக இருந்தாலும் அதோடு கதை முடிந்திருக்கும். மார்க்கெஸ் எழுந்து வந்து மிச்சமுள்ள 11 சுற்றுகளில் பெரும்பாலானதைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு நடுவர் 115-110 பக்கியாவோவுக்கு, இன்னொருவர் அதே 115-110 மார்க்கெஸுக்கு, மூன்றாமவர் 113-113. முடிவு சமன். இதில் ஒரு கூத்து உண்டு. சுற்றை ஜெயித்தவருக்குப் பத்து, விழுந்தவருக்கு ஒவ்வொரு விழுதலுக்கும் ஒன்று குறையும். மூன்று தடவை விழுந்தால் 10-6. ஆனால் மூன்றாவது நடுவர் பர்ட் கிளெமென்ட்ஸ் அந்தச் சுற்றுக்கு 10-7 போட்டுவிட்டார், தவறு தன்னுடையதுதான் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார். அந்த ஒரு புள்ளி சரியாக விழுந்திருந்தால் பக்கியாவோ ஜெயித்திருப்பார்.

இரண்டாவது சுற்றிலிருந்து மார்க்கெஸ் என்ன செய்தார் என்பதுதான் உனக்கு முக்கியம். அந்தச் சண்டையை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு, மறுபடி இரண்டு பேரின் கால்களை மட்டும் பார். பக்கியாவோ உன் எதிராளி மாதிரி இடதுகைக்காரர், வலது கால் முன்னால் இருக்கும். அன்றைக்கு அவரிடம் இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஆயுதம்தான். வலது கையால் லேசாக ஒன்று இரண்டு தட்டு, அதோடு சேர்த்து உள்ளே ஒரு சின்னக் குதிப்பு, பின்னாலேயே இடி மாதிரி இடது நேர்க்குத்து. மார்க்கெஸ் அந்தக் குதிப்பைப் படித்துவிட்டார். தன் இடது பாதத்தை பக்கியாவோவின் வலது பாதத்துக்கு வெளியே வைத்தார். தன் இடப்பக்கமாகவே நகர்ந்தார். அந்தப் பக்கம் போகப் போக பக்கியாவோவின் இடது கைக்குத் தூரம் கூடிக்கொண்டே போகும். குதித்து வரும்போது மார்க்கெஸ் அரை அடி பின்னால் போவார், அந்த இடது கை காற்றில் தீர்ந்துபோகும், திரும்பி வருவதற்குள் மார்க்கெஸின் வலது கை அதே பாதையில் உள்ளே நுழைந்திருக்கும். அலங்காநல்லூரில் வாடிவாசலைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடிவிடும் மாட்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நின்று விளையாடும் மாடுதான் ஆளைக் கலங்கடிக்கும். வருகிறவனை வரவிட்டு, கிட்டே வந்ததும் ஒரு திருப்பு திருப்பும். மார்க்கெஸ் அந்த ரகம்.

2008 மார்ச்சில் இரண்டாவது சண்டை. மூன்றாவது சுற்றில் மார்க்கெஸ் ஒருமுறை விழுந்தார். இரண்டு நடுவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக 115-112 போட, மூன்றாமவர் பக்கியாவோவுக்கு 114-113 கொடுத்தார். அந்த ஒரு புள்ளிக்குக் காரணம் அந்த ஒரு விழுதல். 2011 நவம்பரில் வெல்டர் வெயிட்டில் மூன்றாவது சண்டை. அதிலும் பெரும்பான்மைத் தீர்ப்பில் பக்கியாவோவின் கையைத்தான் தூக்கினார்கள், அரங்கம் கூச்சல் போட்டது. நானும் என் வீட்டில் கூச்சல் போட்டேன்.

நான்காவது, 2012 டிசம்பர் 8. நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வருடம் மதுரையில் மின்வெட்டு எந்த லட்சணத்தில் இருந்தது என்று உன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார். நேரடியாகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை, சாயங்காலம் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து திக்கித் திக்கி ஓடிய வீடியோவில்தான் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் மார்க்கெஸ் வளைத்து வீசிய வலது கை பக்கியாவோவைக் கீழே தள்ளியது. ஐந்தாவதில் பக்கியாவோ திருப்பித் தள்ளினார், மார்க்கெஸின் மூக்கு ஒரு வழியாகிவிட்டது. ஐந்து சுற்று முடிவில் மூன்று நடுவர்களிடமும் பக்கியாவோ 47-46 என்று முன்னால். ஆறாவது சுற்று முடிய ஒரு விநாடி இருக்கும்போது, கயிற்றோரத்தில் மார்க்கெஸை ஒதுக்கிவிட்டோம் என்று நினைத்து அதே குதிப்போடு உள்ளே வந்தார். எட்டு வருடமாக அந்தக் குதிப்புக்காகக் காத்திருந்த வலது கை குறுக்கே வந்தது. பக்கியாவோ முகம் குப்புற விழுந்தார், கை கால் அசையவில்லை. அவருடைய மனைவி ரிங்கை நோக்கி அழுதுகொண்டே ஓடிவந்த காட்சியை மறக்க முடியாது.

ஏட்டுக் கணக்குப்படி இரண்டு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி, பக்கியாவோ பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் நான்கையும் வரிசையாகப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். எரிக் மொராலெஸ் விஷயத்தில் பக்கியாவோ இப்படி இல்லை. 2005 மார்ச்சில் மொராலெஸிடம் புள்ளியில் தோற்றார். பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச்சோடு உட்கார்ந்து, சும்மா கிடந்த வலது கைக்கு ஒரு ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, கற்றுக்கொண்டு வந்தார். 2006 ஜனவரியில் மொராலெஸை 10ஆவது சுற்றில் நிறுத்தினார், நவம்பரில் மூன்றே சுற்று. அப்படிப் படித்துக்கொள்ளத் தெரிந்த ஆளுக்கே மார்க்கெஸ் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. அதனால்தான் கடின எதிராளிகளின் வரிசையில் மார்க்கெஸை முதலில் வைக்கிறேன்.

இந்த இடத்தில் பரேரா, மொராலெஸ் இருவரின் சொந்தப் பகையைச் சொல்லாமல் போனால் மெக்சிகோ ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒருவர் தலைநகர்க்காரர், மற்றவர் எல்லையோர திஹுவானாக்காரர், ஒருவரை ஒருவர் நிஜமாகவே பிடிக்காது. 2000 பிப்ரவரியில் நடந்த முதல் சண்டை சூப்பர் பேன்டம் பிரிவின் உச்சம் என்பேன். மொராலெஸுக்குத்தான் தீர்ப்பு கிடைத்தது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2002, 2004 இரண்டிலும் பரேரா. மூன்று சண்டை, மூன்று எடைப் பிரிவு. அதற்கு மேல் இங்கே நீட்டவில்லை.

சரி, டுரான். பனாமாவின் எல் சொரியோ என்கிற சேரிப் பகுதியில் வளர்ந்தவர். 1972 ஜூனில் ஸ்காட்லாந்தின் கென் புக்கனனை நியூயார்க்கில் 13 சுற்றில் நிறுத்தி லைட் வெயிட் பட்டத்தை எடுத்தார். அந்த முடிவிலேயே ஒரு தகராறு, கடைசி அடி இடுப்புக்குக் கீழே விழுந்தது என்று புக்கனன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டம் கிடைத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதே நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், பட்டம் பணயத்தில் இல்லாத ஒரு பத்துச் சுற்றுச் சண்டை. எதிரில் புவெர்ட்டோ ரிக்கோவின் எஸ்தெபான் தெ ஹேசூஸ். முதல் சுற்றிலேயே ஓர் இடது ஹூக், டுரான் தரையில். பத்துச் சுற்றும் முடிந்தபோது மூன்று நடுவர்களும் தெ ஹேசூஸ் பக்கம். டுரானின் வாழ்க்கையில் முதல் தோல்வி அது.

ஏன் விழுந்தார்? அந்த வயதில் டுரானுக்குத் தெரிந்தது பாய்ச்சல். வலது கையை எறிந்துகொண்டே உள்ளே விழுவார், எறிந்த கை திரும்பி முகத்துக்கு வர நேரமாகும். தெ ஹேசூஸின் இடது ஹூக் சின்னது, வளைவே இல்லாத மாதிரி வரும். அந்தக் கை திரும்புவதற்குள் தாடைக்குப் போய்விடும்.

1974 மார்ச்சில் பனாமாவில் மறு சண்டை, இந்த முறை பட்டத்துக்கு. நம்ப மாட்டாய், அதே முதல் சுற்று, அதே இடது ஹூக், டுரான் மறுபடி தரையில். சொந்த ஊர்ச் சனம் வாயடைத்துப் போனது. ஆனால் எழுந்த டுரான் பழைய டுரான் இல்லை. தலையைத் தேடுவதை விட்டுவிட்டு விலாவைத் தேட ஆரம்பித்தார். நெருங்கி, ஒட்டி நின்று, தெ ஹேசூஸின் ஹூக்குக்கு வீச இடமே இல்லாமல் செய்தார். ஐந்து, ஆறு சுற்றுக்குப் பிறகு தெ ஹேசூஸின் கால் கனத்துப்போவது கண்ணுக்குத் தெரியும். 11ஆவது சுற்றில் முடிந்தது.

மூன்றாவது சண்டை 1978 ஜனவரி, லாஸ் வேகாஸ். அதற்குள் தெ ஹேசூஸும் வேறொரு அமைப்பின் சாம்பியன். ஜப்பானின் கட்ஸ் இஷிமட்சுவிடம் 1976இல் வாங்கிய பட்டம். இரண்டு பட்டமும் பணயத்தில். இந்தச் சண்டையை நான் ஆறப்போட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பாய்ச்சலே கிடையாது. டுரான் தள்ளி நின்று முன் கையால் ஜாப் என்கிற நேர்க்குத்தைப் போடுகிறார், தோளைச் சரித்து அடியை வழியவிடுகிறார், தெ ஹேசூஸ் அந்த ஹூக்கை எடுக்கட்டும் என்று காத்திருந்து, எடுத்ததும் உள்ளே வலது கை. ஐந்து வருடத்துக்கு முன்னால் தன்னைக் கவிழ்த்த உத்தியை, ஆளையே மாற்றிப் போட்டு அவருக்கே திருப்பிக் கொடுத்தார். 12ஆவது சுற்றில் முடிவு. பிறகு வெல்டர் வெயிட்டில் அமெரிக்காவின் சுகர் ரே லியோனார்டை ஜெயித்ததும், அடுத்த சண்டையில் பாதியில் கையை உதறிவிட்டுப் போனதும்தான் உலகத்துக்குத் தெரிந்த டுரான். என் டுரான் 1978 ஜனவரி டுரான்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. தெ ஹேசூஸ் ஒரு கொலை வழக்கில் சிறைக்குப் போனார். அங்கே எய்ட்ஸ் என்று தெரிந்தது, சாகும் தறுவாயில் மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார்கள். 1989இல் இறந்தபோது வயது 37. அந்த நோயாளியின் பக்கத்தில் போகவே ஆட்கள் பயந்த காலம். டுரான் புவெர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், படுக்கையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். அந்தப் புகைப்படம் இணையத்தில் இருக்கிறது.

பழைய காலத்துக்காரர்கள் உடனே வில்லி பெப் பெயரைச் சொல்வார்கள். நியாயம்தான். 1947 ஜனவரியில் விமான விபத்தில் அடிபட்டு, சில மாதத்தில் ரிங்குக்குத் திரும்பிய ஃபெதர் வெயிட் சாம்பியன். அதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒரே ஒரு தோல்வி. 1948 அக்டோபரில் சாண்டி சாட்லர் என்கிற ஒல்லியான உயரக்காரர் நான்காவது சுற்றில் அவரை வீழ்த்தினார். 1949 பிப்ரவரியில் பெப் 15 சுற்றும் ஆடி, முகமெல்லாம் கிழிந்த நிலையில் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். எனக்குத் தெரிந்து இந்த எடைகளில் மிக அழகான பழிவாங்கல் அது. ஆனால் 1950, 1951 இரண்டிலும் சாட்லர்தான். கடைசிச் சண்டை பார்க்கச் சகிக்காது. கழுத்தைப் பிடிப்பது, கட்டை விரலால் கண்ணைக் குத்துவது, கட்டிப்புரண்டு உருளுவது என்று தெருச் சண்டை தோற்றது. பெப் ஒருமுறைதான் விடை கண்டுபிடித்தார், சாட்லர் மூன்று முறை கேள்வியை மாற்றிவிட்டார். அதனால் என் பட்டியலில் பெப் இரண்டாவது.

பிரேசிலின் ஏடெர் ஜோஃப்ரே கதை வேறு மாதிரி. 78 சண்டைகள், இரண்டே தோல்வி. இரண்டும் ஒரே ஆளிடம், ஜப்பானின் ஃபைட்டிங் ஹராடாவிடம், 1965லும் 1966லும். ஹராடா ஃப்ளை வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர், மூச்சுவிட விடமாட்டார், 15 சுற்றும் ஒரே வேகம். ஜோஃப்ரேவிடம் அடி இருந்தது, அதைப் போட இடைவெளி கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் கையுறையைக் கழற்றி வைத்தவர், திரும்பி வந்து 37ஆவது வயதில் ஃபெதர் வெயிட் பட்டம் வாங்கினார். ஹராடா இல்லாத உலகத்தில் அவர் தோற்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சால்வடோர் சான்செஸை எங்கே வைப்பது என்று எனக்கு எப்போதும் குழப்பம். 1981 ஆகஸ்டில் வில்ஃப்ரெடோ கோமெஸ் அவரைத் தேடி வந்தார். கோமெஸ் அதுவரை ஜெயித்த 32 சண்டைகளிலும் நாக் அவுட், பேச்சும் அதற்கேற்ற பேச்சு. முதல் நிமிடத்திலேயே சான்செஸ் அவரைக் கீழே போட்டார், எட்டாவது சுற்றில் முடித்தார். அடுத்த வருடம் ஜூலையில், யாரும் கேள்விப்படாத ஒரு கானா பையன் மாற்று ஆளாக வந்தான். 15ஆவது சுற்று வரை சான்செஸைப் பிழிந்தெடுத்துவிட்டுத்தான் விழுந்தான். பெயர் அசூமா நெல்சன். மூன்று வாரம்தான், சான்செஸ் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 23. அந்த நெல்சன் 1984இல் கோமெஸை அவர் ஊரிலேயே 11ஆவது சுற்றில் வீழ்த்தி, பல வருடம் உலகத்தை ஆண்டார். சான்செஸுக்கு நிஜமான போட்டியாளர் நெல்சன்தான் என்பது என் கட்சி. அவர்கள் மறுபடி மோதியிருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

63.5 கிலோவுக்கு ஒருமுறை ஏற வேண்டும், நிகராகுவாவின் அலெக்சிஸ் அர்குயேயோவுக்காக. ஃபெதர், சூப்பர் ஃபெதர், லைட் என்று மூன்று பட்டம் வாங்கிவிட்டு நான்காவதைத் தேடி 1982 நவம்பரில் மயாமியில் ஆரன் பிரையரிடம் போனார். 13ஆவது சுற்றில் அர்குயேயோவின் வலது கை பிரையரின் முகத்தில் இறங்கிய சத்தம் பார்ப்பவர்களுக்கே வலிக்கும். பிரையர் அசையவில்லை. 14ஆவதில் அர்குயேயோ கயிற்றில் சாய்ந்தபடி அடிவாங்க, நடுவர் நிறுத்தினார். இடையில் பிரையரின் மூலையிலிருந்து பனாமா லூயிஸ், "நான் கலந்து வைத்த பாட்டிலைக் கொடு" என்று சொன்னது ஒளிபரப்பிலேயே கேட்டது. அதில் என்ன இருந்தது என்பது தீராத வாதம். அடுத்த வருடமே இன்னொரு வீரரின் கையுறையில் பஞ்சைக் குறைத்த வழக்கில் லூயிஸின் உரிமம் பறிபோனது. 1983 மறு சண்டையில் பிரையர் சுத்தமாகப் பத்துச் சுற்றில் முடித்தார், ஆகவே பாட்டிலை மட்டும் காரணம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருவரும் பிற்பாடு நெருங்கிய நண்பர்கள்.

தராசின் அடி முனைக்கு வந்தால் ரிக்கார்டோ லோபஸ், 47.6 கிலோ. தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றவர், 51 வெற்றி, ஒரு சமன். அந்த ஒரே கீறல் போட்டவர் ரொசெண்டோ ஆல்வாரஸ். 1998 மார்ச்சில் இரண்டாவது சுற்றில் லோபஸைக் கீழே தள்ளினார். தலை மோதி ரத்தம் கொட்டியதால் சண்டை பாதியில் நின்று சமன் ஆனது. எட்டு மாதத்தில் லோபஸ் மறுபடி போய், நடுவர்கள் பிரிந்த தீர்ப்பில் ஜெயித்தார். அழகாகக் குத்துவது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் லோபஸைப் பார். மார்க்கெஸை வளர்த்த அதே நாச்சோ பெரிஸ்தாயின்தான் இவருக்கும் குரு. இதற்கு ஒரு படி மேலே, 49 கிலோவில் மைக்கேல் கார்பஹாலும் ஹம்பர்ட்டோ கொன்சாலெஸும் 1993 மார்ச்சில் மோதிய சண்டை, குள்ளர்கள் சண்டையை யார் பார்ப்பார் என்று கேட்டவர்களின் வாயை அடைத்தது. இரண்டு தடவை விழுந்த கார்பஹால் ஏழாவது சுற்றில் கொன்சாலெஸை முடித்தார். அடுத்த சண்டைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து லட்சம் டாலர், அந்த எடையில் அதுவரை யாரும் பார்க்காத பணம். ஆனால் அதிலும் அதற்கடுத்ததிலும் ஜெயித்தது கொன்சாலெஸ்.

ஜப்பானின் இனோவே ரசிகர்கள் இந்நேரம் பொறுமை இழந்திருப்பார்கள். அடியின் கனத்தில், துல்லியத்தில் இன்றைக்கு அவருக்கு நிகர் யாரும் இல்லை. 2019 நவம்பரில் சைத்தாமாவில் நோனிட்டோ டொனேர் அவருடைய கண் குழி எலும்பை உடைத்தார், இரட்டை இரட்டையாகத் தெரிந்தபடியே 12 சுற்றும் ஆடி ஜெயித்தார் இனோவே. 11ஆவது சுற்றில் ஈரலில் விழுந்த அந்த இடது ஹூக்கைப் பார்த்தாலே நமக்கு மூச்சு அடைக்கும். 2022இல் மறுபடி மோதியபோது இரண்டே சுற்று. 2024 மேயில் டோக்கியோவில் லூயிஸ் நெரி முதல் சுற்றிலேயே கீழே தள்ளினார், ஆறாவதில் அவரையும் முடித்தார். எல்லாம் சரி. ஆனால் டொனேர் அப்போது 37ஐத் தொட்டுக்கொண்டிருந்தவர். தன் வயதில், தன் உச்சத்தில் இருக்கும் ஒருவன் இனோவேயைத் தோற்கடித்து, இனோவே அவனிடம் திரும்பப் போக வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. ஜெயித்துக்கொண்டே இருப்பது அவர் குற்றமா என்று கேட்பாய். குற்றமில்லை, நான் வைத்திருக்கும் தராசில் நிறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவை பெரும்பாலும் 12, 15 சுற்றுச் சண்டைகள். டுரானுக்கு முதல் சுற்றில் விழுந்தாலும் யோசிக்க இன்னும் பத்துச் சுற்று இருந்தது. உனக்கு மூன்று சுற்று, ஒன்பது நிமிடம். அங்கே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் மணி அடித்துவிடுவான். அதனால் உனக்குப் பாடம் அமித் பங்கால். ஹரியானாவின் ரோத்தக் பையன், உன்னைப் போலச் சின்ன உருவம். உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மத்தோவ், ரியோ ஒலிம்பிக் தங்கக்காரர், 2017இல் ஆசியப் போட்டியிலும் உலகப் போட்டியிலும் இவரைத் தோற்கடித்தார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் மறுபடி அவரே எதிரில். பங்கால் 3-2 என்று தங்கம் வாங்கினார், 2019இல் 52 கிலோவுக்கு ஏறியும் அவரை மறுபடி ஜெயித்தார். துஸ்மத்தோவ் 2024 பாரிஸிலும் தங்கம் எடுத்தவர் என்றால் எப்பேர்ப்பட்ட ஆளை ஜெயித்திருக்கிறார் என்று பார்த்துக்கொள். ஜகார்த்தா இறுதியில் பங்கால் தானாக முந்திப் போவதில்லை. துஸ்மத்தோவை முதலில் கை நீட்டவைத்து, அடுத்த நொடி இரண்டு குத்து, உடனே வெளியே. நின்று ரசிப்பதே இல்லை.

பார்க்க வேண்டிய வரிசை: முதலில் அந்த ஜகார்த்தா இறுதி, அப்புறம் மார்க்கெஸ்-பக்கியாவோ முதல் சண்டையின் இரண்டு முதல் ஆறாவது சுற்று, நேரம் இருந்தால் டுரான்-தெ ஹேசூஸ் மூன்றாவது. போனில் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்காதே, கால் நகர்வது தெரியாது. மைதானத்தில் இடதுகைக்காரன் ஒருவனைப் பிடித்து வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாவது ஸ்பாரிங் போடு, கோச்சிடம் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். உன் இடது பாதம் அவன் வலது பாதத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஜாப்பையே நம்பி உள்ளே போகாதே, இரண்டு பேரின் முன் கையும் ஒன்றோடொன்று சிக்கும். வலது நேர்க்குத்தை முதல் குத்தாகவே போட்டுப் பழகு. இடதுகைக்காரனுக்கு வலப்பக்கம் முன்னால் இருப்பதால் ஈரலும் உனக்குக் கிட்டே வந்து நிற்கும், இடது ஹூக் அங்கே எட்டும். போட்டதும் உன் இடப்பக்கமாக வெளியே வந்துவிடு. எடை குறைக்கிறேன் என்று கடைசி நாளில் தண்ணீர் குடிக்காமல் கிடக்காதே, இரண்டாவது சுற்றில் கால் நிற்காது. நீ தோற்ற அந்த இரண்டு சண்டைகளையும் யாராவது போனில் எடுத்திருந்தால் எனக்கு அனுப்பு, எந்த இடத்தில் உன் கால் உள்பக்கம் மாட்டிக்கொள்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.